பிள்ளையின் "போதும்" நம் காதில் விழுகிறதா?

(அறக்கட்டளையின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)





பிள்ளைகளுக்கு எடை பார்க்கும் நாட்களில் நம்மிடம் அதிகம் கேட்கப்படுவது, "வேளைக்கு எவ்வளவு ஊட்டணும்?" என்பதுதான். அதோடு சேர்ந்து இன்னொன்றும் வரும்: "ஊட்டினால் மூஞ்சியைத் திருப்பிக்கிறானே, என்ன செய்யறது?" முதல் கேள்விக்குப் பதில் இரண்டாவது கேள்வியிலேயே இருக்கிறது. எவ்வளவு போதும் என்பதைப் பிள்ளை சொல்கிறது. நாம்தான் அதற்கு அடம், சேட்டை, கண்ணேறு என்று பேர் வைத்துவிடுகிறோம்.

அளவு தெரியாமல் இருக்க முடியாது, சரிதான். ஆறு மாதம் நிறைந்து ஊட்டத் தொடங்கும்போது பெரிய ஸ்பூனில் இரண்டு, மூன்று போதும். மெல்லக் கூட்டி, எட்டு மாத வாக்கில் வேளைக்கு 125 மில்லி, அதாவது அரைக் கப் வரை கொண்டுவரலாம். எட்டு மாதம் வரை நாளைக்கு 2, 3 வேளை. ஒன்பது மாதத்திலிருந்து 3, 4 வேளை. இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. ஆனால் இது ஒரு வழிகாட்டிதான். எப்படியும் நிறைவேற்றியே ஆகவேண்டிய நேர்ச்சை இல்லை. பிள்ளையின் இரைப்பை, எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 30 மில்லிதான் கொள்ளும். எட்டுக் கிலோ பிள்ளைக்கு 240 மில்லி. பாலும் தண்ணீரும் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஒரு வயது வரை அதற்குத் தேவையான சத்தில் பாதியோ அதற்கு மேலோ தாய்ப்பாலிலிருந்தே கிடைக்கும். திருக்குர்ஆனின் இரண்டாவது அத்தியாயம் 233வது வசனம் இரண்டு முழு ஆண்டுகள் பாலூட்டுவதைப் பற்றிப் பேசுவது நமக்குத் தெரியும். ஆகவே சோறு இரண்டு வாய் குறைந்ததும் பதறத் தேவையில்லை.

இடம் சிறியது என்பதால் அதில் என்ன போகிறது என்பது முக்கியம். நம் வீடுகளில் ஆட்டுக்கால் சூப்பை நிறையப் புகட்டிவிட்டு, "சாப்பாடே இறங்க மாட்டேங்குது" என்கிறோம். சூப்புத் தண்ணீரில் வயிறு நிறைந்துவிட்டதே! கறியையே நன்றாக வேகவைத்து மசித்துக் கொடுங்கள். பருப்புச் சோறு ஸ்பூனிலிருந்து வழியாத அளவுக்குக் கெட்டியாக இருக்கட்டும். நன்னிமார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, டீயில் நனைத்த பிஸ்கட்டும் இதே கதைதான்.

இனி பிள்ளையின் பேச்சுக்கு வருவோம். பசிக்கும்போது கிண்ணத்தைக் கண்டதும் கை காலை உதைக்கும், முன்னால் சாயும், ஸ்பூன் வருமுன்னே வாயைத் திறக்கும். வயிறு நிறைய ஆரம்பித்ததும் வேகம் குறையும். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் நேரமாகும். உணவைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு விசிறியைப் பார்க்கும். பிறகு உதட்டை இறுக்கும், முகத்தைத் திருப்பும், கையால் தட்டிவிடும், முதுகை வளைத்துப் பின்னால் சாயும். இத்தனைக்கும் நாம் நிறுத்தாவிட்டால்தான் அழுகிறது. அழுகைக்கு முன்னால் நாலைந்து முறை அது சொல்லியாகிவிட்டது.

முதல் தடவை முகத்தைத் திருப்பியதும் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டாம். ஒரு நிமிடம் சும்மா இருங்கள். பேச்சுக் கொடுங்கள். மறுபடி ஒரு முறை நீட்டுங்கள். பராக்குப் பார்த்த பிள்ளையாக இருந்தால் வாய் திறக்கும். மறுபடியும் உதட்டை மூடினால் அந்த வேளை முடிந்தது. ஆறேழு மாதப் பிள்ளை நாக்கால் வெளியே தள்ளுவது வேறு விஷயம். அதற்கு விழுங்கப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான். புதிய ருசியை முதல் நாள் துப்பினால், சில நாள் விட்டு மறுபடி கொடுங்கள். எட்டு, பத்துத் தடவை கொடுத்த பிறகு விரும்பிச் சாப்பிடும் பிள்ளைகள் உண்டு.

செல்போனைக் காட்டி ஊட்டுவதைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கிண்ணம் சீக்கிரம் காலியாகும், உண்மை. ஆனால் படத்தில் மயங்கிய பிள்ளை தன் வயிற்றையே மறந்து வாயைத் திறக்கிறது. வயிறு நிறைந்ததை உணரும் அந்தப் பழக்கத்தைத்தான் நாம் கெடுக்கிறோம். இதைவிட ஆபத்தானது, மடியில் படுக்கவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டு, அழும் வாயில் ஊட்டுவது. மூக்கைப் பிடித்து ஊட்டும் வழக்கமும் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அழும்போது மூச்சை இழுக்கையில் உணவு மூச்சுக்குழாயில் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. யார் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள். மாமி சொன்னாலும்தான்.

"மிச்சம் வைத்தால் வீண் விரயம் ஆகிவிடுமே" என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. விரயம் கூடாது என்பது மார்க்கம். ஆனால் கிண்ணத்தில் அள்ளி வைத்தது நாம்தானே, பிள்ளை இல்லையே! வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைத் தண்ணீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடும்படி நபி (ஸல்) அவர்கள் பெரியவர்களுக்கே கற்றுக்கொடுத்திருக்க, பால்குடி பிள்ளையின் வயிற்றில் மட்டும் இடமே விடக்கூடாது என்று எங்கே இருக்கிறது? சட்டியிலிருந்து கொஞ்சமாக எடுத்து வையுங்கள், கேட்டால் இன்னும் வையுங்கள். சட்டியில் இருப்பதை வீட்டார் சாப்பிடலாம். பிள்ளையின் எச்சில் பட்ட மிச்சத்தை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்காதீர்கள், கெட்டுவிடும்.

ஒரு வயது தாண்டியதும் "முன்பு நன்றாகச் சாப்பிட்டான், இப்போது பாதிகூட இல்லை" என்ற புலம்பல் தொடங்கும். மூன்று கிலோவில் பிறந்த பிள்ளை முதல் ஆண்டு முடிவில் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவதோ இரண்டு, இரண்டரைக் கிலோதான். வளரும் வேகம் குறையும்போது பசியும் முன்போல் இருக்காது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, மாதா மாதம் அங்கன்வாடியில் எடை போட்டு, அட்டையில் கோடு மேலே போகிறதா என்று பாருங்கள். போனால், பிள்ளைக்குக் கிடைப்பது போதுமானதே.

கோடு இரண்டு மாதமாக ஏறாமல் நின்றாலோ, இறங்கினாலோ அதை "போதும்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு நேரத்தில் உணவை வேண்டாம் என்றால் அடிக்கடி தாய்ப்பால் கொடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிப் பாருங்கள். குணமான பிறகு இரண்டு வாரம் நாளைக்கு ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். பாலைக்கூடக் குடிக்கவில்லை, குடித்ததை எல்லாம் வாந்தி எடுக்கிறது, துவண்டு கிடக்கிறது, வலிப்பு வருகிறது என்றால், ஓதிப் பார்க்கும் நேரத்தையும் வண்டியில் போகும்போதே வைத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.