சக மாணவர் என்று யாரைச் சொல்கிறோம்?

(காரைக்காலில் மாலைநேரப் பாடம் நடத்தும் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கல்லூரி மாணவர்கள் சேரிக்கு வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். நல்ல விஷயம்தான். 'சேவைவழிக் கற்றல்' என்கிறார்கள். 'சக மாணவர் கற்பித்தல்' என்றும் சொல்கிறார்கள். சக என்றால் சமம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே எங்கே இருக்கிறது அந்தச் சமம்? இதை நாம பேசியாகணும்.

மாணவனே மாணவனுக்குச் சொல்லித் தருவது வெளிநாட்டுச் சரக்கு இல்லை. நம்ம ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான். முன்னே படித்தவன் பின்னே வந்தவனுக்கு எழுத்துப் பழக்குவான். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். தன் விடுதியில் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் லண்டனில் அந்த அனுபவத்தை அச்சிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்தில் அது பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 'மெட்ராஸ் காலேஜ்' என்று இன்றைக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கு.

கடல் தாண்டிப் போன முறைக்கு, வயல் தாண்டிச் சேரிக்கு வர வழி தெரியலை! 1822இல் மன்றோ பள்ளிக் கணக்குக் கேட்டபோது, கலெக்டர்கள் பிள்ளைகளைப் பார்ப்பனர், வைசியர், சூத்திரர், முஸ்லிம், 'மற்ற சாதிகள்' என்று பத்தி பிரித்து எழுதி அனுப்பினார்கள். 1983இல் தரம்பால் அதைத் தொகுத்து, சூத்திரப் பிள்ளைகள் நிறையப் படித்தார்கள் என்று காட்டினார். சரி. நம்ம பிள்ளைகள் எத்தனை பேர்? அந்த 'மற்ற' பத்தியை எவ்வளவு தோண்டினாலும் அது தனியாக வராது.

சேவைவழிக் கற்றலுக்கு மூலவராக ஜான் டூயியைச் சொல்வார்கள். அவரிடம் கொலம்பியாவில் பாடம் கேட்டவர் அண்ணல் அம்பேத்கர். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் கேட்டது, பள்ளியில் உயிரியலில் படிப்போமே, சவ்வூடு பரவல், அது மாதிரி ஒரு சமூகக் கலப்பு. கலப்பு என்றால் இரண்டு பக்கமும் ஊறணும். ஒரு பக்கம் ஊற்ற, இன்னொரு பக்கம் ஏந்தினால் அதுக்குப் பேர் தருமம்.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24இல் தொடங்கியது. அதன் முழக்கம் 'நானல்ல, நீ'. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த 'நான்' எப்பவும் வர்றவனாகவும், 'நீ' எப்பவும் இருக்கிறவனாகவுமே இருக்கிறது. வர்றவனுக்குச் சான்றிதழ் உண்டு. இப்போது கிரெடிட்டும் உண்டு. நான் வங்கிக் குமாஸ்தா. ஒரு பக்கம் வரவு எழுதினால் இன்னொரு பக்கம் பற்று எழுதாமல் எங்களுக்கு அன்றைய கணக்கு முடியாது. இந்த வரவுக்கான பற்று யார் பேரில் விழுகிறது?

எனக்குப் பின்னம் சொல்லித் தந்தது பக்கத்து வீட்டு அக்கா. படியில் பாதி உரி, உரியில் பாதி உழக்கு. கூலி நெல்லை வைத்தே கால், அரை எல்லாம் புரிய வைத்தார். எட்டாவதோடு நின்று நடவுக்குப் போனவர். சாயங்காலம் காலில் சேறு காயாமலே வந்து உட்காருவார். இன்றைக்கும் நம்ம தெருக்களில் அப்படி அக்காக்கள் இருக்காங்க. பிளஸ் டூ படிச்சுக்கிட்டே பத்துப் பிள்ளைகளை மேய்க்கிறாங்க. இவர்கள்தான் சக மாணவர்கள். எந்த அறிக்கையிலும் இவர்கள் பேர் கிடையாது. கல்லூரித் தம்பி ஒருவர் எழுதிய அறிக்கையை நானே படித்தேன்: 'இப்பகுதி மாணவர்களுக்குப் படிப்பில் ஆர்வம் குறைவு.' அவர் வந்தது மொத்தம் ஆறு நாள். அதுவும் அறுவடைக் காலம்.

வடக்கே பூவம் தாண்டினாலும் தெற்கே வாஞ்சூர் தாண்டினாலும் தமிழ்நாடு. அங்கே 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, அந்தந்தக் குடியிருப்பிலிருந்தே தன்னார்வலர்களை எடுத்தார்கள், பெரும்பாலும் பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய். கொஞ்சம்தான். ஆனாலும் தெருவுக்குள் இருந்த உழைப்பை அரசு கண்ணால் பார்த்தது. நாம் புதுச்சேரி அரசின் கீழே இருக்கோம், அது நமக்கு வரலை. ஒன்றை மட்டும் எல்லை தாண்டாமலே கேட்கலாம்: மையம் எந்தத் தெருவில்? ஊர்த்தெருப் பிள்ளை சேரி மையத்துக்கு வந்து உட்காருமா?

அதனால் கல்லூரித் தம்பி தங்கைகள் வரட்டும். முதல் இரண்டு வாரம் பாடம் எடுக்க வேண்டாம். எந்தப் பிள்ளைக்கு எது வரும், எது வராது, யார் மதியம் ஆடு மேய்க்கப் போகிறது என்பதை அக்காக்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். தங்கள் தெருவில் ஏன் நம்ம வீடு ஒன்றுகூட இல்லை என்பதற்கும் அறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்கட்டும். அதற்கும் மதிப்பெண் போடச் சொல்லிப் பேராசிரியர்களிடம் நாம் கேட்போம்.

வர்ற சனிக்கிழமை அவர்கள் வருகிறார்கள். அக்காக்களுக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லலை. கூட்டம் முடிஞ்சதும் போய்ச் சொல்லிடுங்க.