பட்டம் பெற்ற பிள்ளையும் பேசும் பழக்கமும்

(கூடுவாஞ்சேரியில் நடைபெற்ற ஊராட்சி உறுப்பினர், உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றியும் பாசனத்தைப் பற்றியும் தங்களிடம் பன்முறை பேசியிருக்கிறோம். இன்று, பட்டம் பெற்றும் வேலையின்றி வீட்டிலிருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச விழைகிறோம்.

இப்பகுதியில் நிலத்தின் நிலைமை தாங்கள் அறியாததன்று. 2002-இல் மகிந்திரா தொழில் நகரம் வந்தது. 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பெற்றது. சாலையோர வயல்கள் மனைகளாயின. நிலத்தை விற்றுப் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பத்திற்கு அவன் பட்டமே இனி நிலம். அது விளையாவிடில் திரும்பிச் சென்று உழுவதற்கு வயல் இல்லை.

சில திங்களுக்கு முன் உழவர் ஒருவர் தம் மகனுடன் நம் அலுவலகம் வந்தார். “தம்பி, உன் பெயர் என்ன?” என்றோம். தந்தை பெயரைச் சொன்னார். “என்ன படித்திருக்கிறாய்?” என்றோம். “பி.காம். ஐயா, முதல் வகுப்பு” என்று அதற்கும் தந்தையே விடை கூறினார். அவரை வெளியே விசுப்பலகையில் சற்று அமரும்படி வேண்டிக்கொண்டோம்.

நான்கு நேர்முகத் தேர்வுகளுக்குச் சென்று வந்தானாம். “உன்னைப் பற்றிச் சொல்” என்று எங்கும் கேட்டிருக்கிறார்கள். எவரோ எழுதிக்கொடுத்த ஆங்கிலப் பத்தியை மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறான். நடுவில் ஒரு சொல் மறந்தால் அத்தோடு எல்லாம் நின்றுவிடும். வீட்டு வேலை என்ன செய்வாய் என்று கேட்டோம். நாள்தோறும் பால் கூட்டுறவுச் சங்கத்திற்குப் பால் கொண்டுபோவது அவன்தான். ஒரு சமயம் கொழுப்பு அளவு குறைவாகப் பதிவாகியிருக்கிறது. சண்டையிடாமல், பத்து நாள் கணக்கை எழுதிக்கொண்டுபோய்க் காட்டித் திருத்தம் பெற்றிருக்கிறான். கடைமடைக்கு நீர் வராத ஆண்டில் இரு பங்காளிகளிடையே முறை பேசி ஒழுங்கு செய்தவனும் அவனே. கால் மணி நேரம் தடையின்றித் தமிழில் எடுத்துரைத்தான்.

“இதை நேர்முகத்தில் சொன்னாயா?” என்றோம். “இதையெல்லாம் கேட்பார்களா ஐயா?” என்றான்.

இதைத்தான் கேட்கிறார்கள்! மென்திறன் என்று இக்காலத்தார் கூறுவது இதுவே. பிறர் சொல்வதை முழுதும் கேட்டல், தெரிந்ததைத் தெளிவாகச் சொல்லல், தெரியாததைத் தெரியாது எனல், குறித்த நேரத்திற்கு வருதல், ஒவ்வாதவரோடும் கூடி வேலை செய்தல். ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, அது பயன்தரும். ஆயினும் கையிலுள்ள சரக்கை அறியாதவனுக்கு ஆங்கிலம் என் செய்யும்? மறைமலைநகரில் ஃபோர்டு ஆலையின் கார் உற்பத்தி 2022-இல் நின்றதைக் கண்டோம். ஓர் ஆலையின் எந்திரம் அவ்வாலையோடு போகலாம். கூடி வேலை செய்யும் பழக்கம் அடுத்த வாயிலுக்கும் உடன் வரும்.

அரசின் திட்டங்கள் இருக்கின்றன. கல்லூரியில் பயில்வோர்க்கு 2022 மார்ச் 1-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ உண்டு. சிற்றூர் இளைஞர்க்கென 2014 செப்டம்பர் 25-இல் தீன் தயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. பொதுவாக 15 முதல் 35 வயதுடையோர்க்கான இத்திட்டத்தில் தொழிலோடு மென்திறனும் கற்பிக்கப்பெறுகிறது. ஆனால் சில திங்கள் பயிற்சி, இருபதாண்டு வாய்மூடியிருந்தவனை எவ்வளவு மாற்றும்? நம் வீடுகளில் பெரியவர் பேசும்போது பிள்ளை பேசலாகாது என்கிறோம். பெண்பிள்ளைக்கு இக்கட்டளை இருமடங்கு. பின்னர், நேர்முகத்தில் வாய் திறக்கவில்லையே என்று வருந்துகிறோம். வேடிக்கை என்னவெனில், 1989-இல் தருமபுரியில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களில் வரவுசெலவு பேசிப் பழகிய தாய், பட்டதாரி மகளைவிட வங்கியில் நன்றாகப் பேசுகிறாள்.

ஆகவே ஊராட்சி உறுப்பினர்களிடம் நம் வேண்டுகோள் கிராம சபையைப் பற்றியது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். பட்டதாரிப் பிள்ளைகளும் அவ்வாறே. சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டில் ஆறு நாள் சபை கூடுகிறது. அந்நாட்களில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

மேற்சொன்ன தம்பியை அவனூர்ச் சபையில் வரவுசெலவு அறிக்கையை வாசிக்கச் செய்தார்கள். தாள் நடுங்கியது. தெருவிளக்குச் செலவைப் பற்றி ஒரு முதியவர் குறுக்கிட்டுக் கேட்டார். அவன் திகைத்துப் பின், “தெரியவில்லை தாத்தா, பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறேன்” என்றான். கூட்டம் முடியுமுன் பார்த்தும் சொன்னான். பின்னர் ஆறாவது நேர்முகத்தில் அவனுக்கு ஒரு கிடங்கில் கணக்கர் வேலை கிடைத்தது. சபையில் வாசித்ததாலேயே கிடைத்தது என்று நாம் சாதிக்கமாட்டோம்; கணக்கும் அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த சபையில் அறிக்கை வாசிக்க ஒருவர், நடவடிக்கைக் குறிப்பெழுத உதவ ஒருவர் என இரு பட்டதாரிகளை ஒவ்வோர் ஊராட்சியும் தேர்ந்தெடுக்க வேண்டுகிறோம். அவருள் ஒருவர் பெண்ணாக இருத்தல் நலம். பெயர்களை ஊராட்சிச் செயலரிடம் இன்றே கொடுக்கலாம். தந்தையர் தம் பிள்ளைகளை நம் அலுவலகத்திற்கு அழைத்துவருவதில் தடையில்லை. விசுப்பலகை வெளியே இருக்கிறது.