நாபோத்தின் நிலமும் நம் பாட்டன் நிலமும்



அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் போன நிலத்தைப் பற்றிப் பேசாத வீடு குறைவு. "அந்தக் கண்மாய்க்கரைப் புஞ்சை ஒரு காலத்தில் நம்முடையது" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம். மழை பொய்த்தால் கடன், கடனுக்கு ஒத்தி, ஒத்தியைத் திருப்ப முடியாமல் கிரயம். 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருடப் பஞ்சம் இப்படி எத்தனையோ குடும்பங்களை வேரோடு பெயர்த்தது. பலர் இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனார்கள்.

வழிபாட்டின் பெயராலும் நம் மண்ணில் இரத்தம் சிந்தியிருக்கிறது. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார் மக்கள் சென்று வழிபட்டார்கள். அதை எதிர்த்து வழக்கு எழுந்தது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கு, 1908-இல் அம்மக்களுக்கு எதிராகவே முடிந்தது. இதற்கிடையில் 1899 சூன் 6 அன்று சிவகாசி சூறையாடப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. அந்த நாள்களின் கதை இன்றும் குடும்பங்களில் சொல்லப்படுகிறது.

அன்பானவர்களே, அரசர்கள் முதல் நூல் 21-ஆம் அதிகாரத்தை நினைத்துப் பார்ப்போம். நாபோத்து தன் மூதாதையரின் திராட்சைத் தோட்டத்தைக் கொடுக்க மறுத்தார். அரசி ஈசபேல் என்ன செய்தாள்? ஊரில் நோன்பு அறிவிக்கச் செய்தாள். கடவுளைப் பழித்தான் என்று பொய்ச்சாட்சி சொல்ல வைத்தாள். நாபோத்து கல்லெறிந்து கொல்லப்பட்டார். ஆகாபு தோட்டத்தை எடுத்துக்கொள்ளப் போனான். ஆசை நிலத்தின் மேல். சாக்கு கடவுளின் பெயர்.

இதை வாசிக்கும்போது நாம் எல்லாரும் நாபோத்தின் பக்கம் போய் நின்றுகொள்கிறோம். ஆனால் ஒருவர் கையை விட்டுப் போன நிலம் இன்னொருவர் கைக்கு வந்திருக்க வேண்டும் அல்லவா? 1892-இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கியதே பஞ்சமி நிலம். முதல் பத்து ஆண்டுகள் அதை விற்கக்கூடாது. பிறகும் அம்மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அப்படியிருந்தும் தமிழ்நாட்டில் அதில் பெரும்பகுதி இன்று பிறர் கையில். ஒரே பீடத்தின் முன் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும் நம்மிடையே, பறிகொடுத்தவரின் பேரனும் இருக்கலாம், எடுத்துக்கொண்டவரின் பேரனும் இருக்கலாம்.

ஆகவே பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது பாதியோடு நிறுத்த வேண்டாம். நாம் இழந்ததைச் சொல்வோம். ஓடி வந்தவர்களுக்குக் கதவு திறந்தவர்கள் யார் என்பதையும் சொல்வோம். யாருடைய கண்ணீர் நம் வீட்டுப் பத்திரப்பெட்டியில் இருக்கிறது என்பதையும் தேடிப் பார்ப்போம். திருப்பிக் கொடுக்க வேண்டியது இருந்தால், நீதிமன்றம் கேட்கும் முன்பே கொடுப்போம். பாதிக் கதை பகையை வளர்க்கும். முழுக்கதைதான் மனமாற்றத்துக்கு வழிகாட்டும். எலியா கேட்ட கேள்வியில் ஆகாபே சாக்கு உடுத்தித் தன்னைத் தாழ்த்தினான். ஆண்டவரும் அதைக் கண்டார்.

ஆண்டவரே, எங்கள் நினைவுகளைத் தூய்மையாக்கும். பழியை அல்ல, நீதியை எங்கள் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல வரம் தாரும். ஆமென்.