வாங்கி வாங்கிச் சேமிக்கலாமா?

செலவும் சேமிப்பும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்றே மக்கள் நெடுங்காலமாகக் கருதி வந்திருக்கின்றனர். வருவாயில் ஒரு பகுதியைச் செலவிடாமல் ஒதுக்கி வைப்பதே சேமிப்பு. ஆனால், பொருள்களை வாங்கிக்கொண்டே போனால் பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்புக்கு வேண்டிய பணம் தானாகவே சேரும் என்று கூறும் திட்டங்கள் ஐக்கிய அமெரிக்காவிலே உள்ளன. இலட்சக்கணக்கான பெற்றோர் அவற்றில் உறுப்பினராகச் சேர்ந்துள்ளனர். கொள்வனவுக்கு வெகுமதி வழங்கும் இத்திட்டங்களால் உண்மையான பயன் உண்டா? உண்டாயின் அது எவ்வளவு? இவ்வினாக்களை நிதானமாக ஆராய்தல் தகும்.

அமெரிக்கப் பெற்றோர் இத்தகைய வழிகளை நாடுவது ஏன் என்பதை முதலில் உணர்தல் வேண்டும். இலங்கையில் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் மாணவர் பொதுவாகக் கற்பித்தற் கட்டணம் செலுத்துவதில்லை. அமெரிக்காவின் நிலை அவ்வாறன்று. அங்கே மாநில அரசுகளின் ஆதரவு பெற்ற நான்காண்டுக் கல்லூரிகளிற்கூட, அம்மாநிலத்து மாணவர் ஒருவருக்குக் குறிக்கப்பட்ட சராசரிக் கட்டணம் 2023-24ஆம் கல்வியாண்டில் 11,260 டொலராக இருந்தது. தனியார் கல்லூரிகளில் அது 41,540 டொலர். உணவும் உறையுளும் நூல்களும் இவற்றில் அடங்கா. உதவிப் பணம் பெறும் மாணவர் இதனிலும் குறைவாகச் செலுத்துவர் என்பது உண்மையே. எனினும், பெருந்தொகையினர் கடன் வாங்கியே படிக்கின்றனர். குழந்தை தொட்டிலிற் கிடக்கும்போதே அதன் கல்லூரிச் செலவைப் பற்றிப் பெற்றோர் கவலைகொள்வது இதனாலேதான்.

கொள்வனவுக்கு வெகுமதி அளிக்கும் வழக்கம் புதிதன்று. 1896ஆம் ஆண்டில் ஸ்பெரி, ஹச்சின்சன் என்னும் இருவர் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். அது வெளியிட்ட பச்சை முத்திரைகளைக் கடைக்காரர் விலைக்கு வாங்கித் தம்மிடம் பொருள் வாங்குவோருக்குக் கொடுத்தனர். 10 சதச் செலவுக்கு ஒரு முத்திரை கிடைக்கும். 1,200 முத்திரைகளைப் புத்தகத்தில் ஒட்டி நிரப்பினால், அதனைக் கொடுத்து வீட்டுப் பொருள் ஏதேனும் பெற்றுக்கொள்ளலாம். ஒரு புத்தகம் நிரம்புவதற்கு 120 டொலர் செலவிட வேண்டியிருந்தது. 1950களிலும் 1960களிலும் இம்முத்திரைகள் அமெரிக்க இல்லங்களில் மிகப் பரவியிருந்தன.

இதற்கும் முன்னதாக, 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரத்துத் தொழிலாளர் ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தனர். இலாபத்தை அவரவர் வாங்கிய பொருளின் அளவுக்கேற்ப உறுப்பினர்க்குப் பகிர்ந்தளித்தனர். பின்னர், 1850களில், இலாபத்தில் 2½ வீதத்தைக் கல்விக்கென ஒதுக்குவதென்றும் விதி செய்துகொண்டனர். கூட்டுறவுச் சங்கங்களை அறிந்த நேயர்களுக்கு இந்த வரலாறு புதிதாயிராது. ஆனால் இரண்டுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. கூட்டுறவுக் கடை வாங்குவோருக்கே சொந்தமானது. அங்கே திரும்பி வந்தது அவர்களுடைய இலாபமே. முத்திரைத் திட்டத்திலோ, வாங்குவோரை மீண்டும் மீண்டும் தம் கடைக்கு வரச்செய்வதற்காகக் கடைக்காரர் செலவிட்ட விளம்பரப் பணமே வெகுமதியாக வந்தது.

இவ்விரண்டாவது வழியையே கல்விச் சேமிப்போடு இணைத்தது, 2001ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் தன் சேவையைத் தொடங்கிய யூப்ரொமிஸ் என்னும் நிறுவனம். பெற்றோர் தம் கடனட்டையையும் கடைகள் வழங்கும் அட்டைகளையும் அதனிடம் பதிவு செய்துகொண்டனர். ஒப்பந்தம் செய்துகொண்ட கடைகளிலும் உணவகங்களிலும் அவர்கள் வாங்கியபோது, விலையில் ஒரு சிறு வீதம் அவர்களுடைய கணக்கிற் சேர்ந்தது. பாட்டன், பாட்டி, மாமன், அத்தை முதலியோரும் தம் கொள்வனவால் வந்த வெகுமதியைக் குழந்தைக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது. இவ்வாறு சேர்ந்த பணத்தை '529' எனப்படும் கல்விச் சேமிப்புக் கணக்குக்கு மாற்ற முடிந்தது. வருமானவரிச் சட்டத்தின் 529ஆம் பிரிவு 1996இல் இயற்றப்பட்டமையால் அக்கணக்குக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. அதில் வளரும் பணத்தைத் தகுந்த கல்விச் செலவுக்கு எடுத்தால் மத்திய அரசுக்கு வருமானவரி செலுத்த வேண்டியதில்லை. வேறு தேவைக்கு எடுத்தாலோ, வளர்ச்சியாகக் கிடைத்த பகுதிக்கு வரியும், பொதுவாக அதன்மேல் 10 வீதத் தண்டமும் உண்டு. யூப்ரொமிஸைத் தவிர, வெகுமதிப் பணத்தை இக்கணக்குகளில் இடுவதற்கு வாய்ப்பளிக்கும் கடனட்டைகளும் சில உள்ளன.

இனி, கணக்கைப் பார்ப்போம். ஒரு குடும்பம் இத்திட்டத்துக்கு உட்பட்ட பொருள்களை மாதந்தோறும் 1,000 டொலருக்கு வாங்குகிறது என்க. வெகுமதி 1 வீதமானால் மாதம் 10 டொலர் சேரும். பிள்ளை பிறந்தது முதல் 18 ஆண்டுகள் இவ்வாறு சேர்ந்தால் மொத்தம் 2,160 டொலர். ஆண்டுக்கு 5 வீதம் வளர்ச்சி கிடைப்பதாகக் கொண்டாலும் அது ஏறத்தாழ 3,490 டொலராகும். மேலே கூறிய மாநிலக் கல்லூரியில் நான்கு ஆண்டுகளுக்குரிய கட்டணம், விலை சிறிதும் ஏறாது என்று வைத்துக்கொண்டாலும், 45,040 டொலர். பதினெட்டு ஆண்டுக்காலச் சேகரிப்பு ஓராண்டுக் கட்டணத்தின் மூன்றிலொரு பங்குக்கும் போதாது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதற்கே பொருந்தும். அதே குடும்பம் மாதம் 50 டொலரைத் தன் வருவாயிலிருந்து நேராக ஒதுக்கியிருந்தால், அதே வளர்ச்சியில் ஏறத்தாழ 17,460 டொலர் கிடைத்திருக்கும்.

சிறு துளி பெருவெள்ளம் என்பது பழமொழி. ஆதலால் 3,490 டொலரையும் ஏன் விடவேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விட வேண்டியதில்லை. ஆனால் துளி வெள்ளமாவதற்குக் குடம் ஓட்டையில்லாததாய் இருத்தல் வேண்டும். இத்திட்டங்களைப் பொறுத்தவரை, குடத்தில் மூன்று இடங்களில் ஓட்டை விழக்கூடும்.

முதலாவது ஓட்டை, வேண்டாத கொள்வனவு. 5 வீத வெகுமதி உண்டென்று கண்டு, தேவையற்ற 40 டொலர் ஆடையொன்றைத் தாயொருத்தி வாங்குகிறாள் என்க. பிள்ளையின் கணக்குக்கு 2 டொலர் போகிறது. 38 டொலர் மறைந்துவிடுகிறது. அந்த ஆடையை வாங்காமல் அப்பணத்தைக் கணக்கில் இட்டிருந்தால் 40 டொலரும் பிள்ளைக்கே உரியதாகும். பிள்ளையின் பெயரால் நிகழும் செலவுக்கு மனம் எளிதில் இசைந்துவிடுகிறது. வீண்செலவு செய்வோருக்கு வழக்கமாக எழும் உறுத்தல் இங்கே எழுவதில்லை; மாறாக, கடமை செய்த நிறைவு தோன்றுகிறது. இத்திட்டங்களில் மிகுந்த கவனத்தோடு காக்க வேண்டிய இடம் இதுவே.

இரண்டாவது ஓட்டை, வட்டி. அமெரிக்கக் கடனட்டைகளின் சராசரி வட்டி 2023ஆம் ஆண்டில் 20 வீதத்தைத் தாண்டியது. மாதந்தோறும் நிலுவையை முற்றாகச் செலுத்தாமல், 1,000 டொலர்க் கடனை ஓராண்டு வைத்திருப்பவர் ஏறத்தாழ 200 டொலர் வட்டி கொடுக்கிறார். 2 வீத வெகுமதி தரும் அட்டையில் 200 டொலர் சம்பாதிப்பதற்கு 10,000 டொலருக்குப் பொருள் வாங்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாக முடிகிறது. ஆகவே, நிலுவை வைக்கும் பழக்கமுடைய குடும்பத்துக்கு இத்திட்டத்தால் வரவில்லை, நட்டமே உண்டு. அவர்கள் முதலில் செய்ய வேண்டியது கடனை அடைப்பதேயாம்.

மூன்றாவது ஓட்டை பணத்தைச் சார்ந்ததன்று. வீட்டின் அந்தரங்கத்தைச் சார்ந்தது. வாங்குவோரின் பழக்கங்களை அறிந்துகொள்வது வணிகருக்கு விலைமதிப்புள்ள செல்வம். வெகுமதி தருவோர் பொதுவாக அந்தச் செய்தியையும் பெற்றுக்கொள்கின்றனர். யூப்ரொமிஸ் தன் உறுப்பினருக்கு வழங்கிய கணினி மென்பொருளொன்று, அவர்கள் இணையத்திற் சென்ற இடங்களையும், சில பக்கங்களில் எழுதிய கடவுச்சொல் முதலியவற்றையும், போதிய அறிவிப்பின்றித் திரட்டிப் பாதுகாப்பற்ற முறையில் அனுப்பியது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2012இல் அவ்விவகாரம் உடன்பாட்டில் முடிந்தது. அந்த உடன்பாட்டின் நிபந்தனைகளை மீறியதென்னும் குற்றச்சாட்டின்பேரில் 2017இல் அந்நிறுவனம் 500,000 டொலர் தண்டம் செலுத்த இணங்கியது. இலவசமாக வருவதாகத் தோன்றும் பணத்துக்கும் ஒரு விலை உண்டென்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

வெகுமதிப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் சிந்திக்கத் தக்கது. கடனட்டையை ஏற்கும் கடைக்காரர், ஒவ்வொரு விற்பனைக்கும் வங்கிகளுக்குக் கட்டணம் செலுத்துகிறார். அச்செலவை எல்லாப் பொருள்களின் விலையிலும் சேர்த்துவிடுகிறார். அட்டை உடையவர் கொடுக்கும் அதே விலையைக் காசு கொடுத்து வாங்குபவரும் கொடுக்கிறார். வெகுமதியோ அட்டைக்காரருக்கு மட்டுமே. பொஸ்தன் நகரிலுள்ள கூட்டாட்சி றிசேவ் வங்கியின் ஆய்வாளர் 2010இல் வெளியிட்ட மதிப்பீடொன்றின்படி, காசு கொடுத்து வாங்கும் குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 149 டொலரை இவ்வாறு இழக்கிறது. அட்டையால் வாங்கும் குடும்பம் சராசரியாக 1,133 டொலரைப் பெறுகிறது. அட்டை பெறும் தகுதி பெரும்பாலும் வருவாய் மிக்கோருக்கே எளிதில் வாய்ப்பது. எனவே, வசதியுள்ள வீட்டுப் பிள்ளையின் கல்விக் கணக்கில் விழும் சில சதங்கள், வசதியற்ற வீட்டார் வாங்கிய அரிசியின் விலையிலிருந்தும் வந்திருக்கலாம்.

இவ்வளவும் கூறியபின், இத்திட்டங்களால் யாதொரு நன்மையும் இல்லை என்று முடிவுகட்டுதல் நீதியாகாது. எத்துணைச் சிறியதாயினும், பிள்ளையின் கல்விக்கென ஒரு கணக்கு இருப்பதற்குத் தனிப்பட்ட ஆற்றல் உண்டு. வில்லியம் எலியட் என்னும் அறிஞரும் அவருடைய துணையாளரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதனைக் காட்டுகிறது. வருவாய் குறைந்த, இடைத்தரமான குடும்பங்களிலே, கல்விக்கென்று 500 டொலருக்குக் குறைவான சேமிப்பேனும் உடைய பிள்ளைகள், ஒன்றும் இல்லாத பிள்ளைகளைக் காட்டிலும் மிகுதியாகக் கல்லூரிக்குச் சென்றனர். மிகுதியாகப் பட்டமும் பெற்றனர். 500 டொலர் கட்டணத்துக்குப் போதாது என்பது வெளிப்படை. சேமிக்கும் பெற்றோர் ஏனைய வகைகளிலும் பிள்ளையின் படிப்பில் அக்கறை உடையவராய் இருத்தலும் இதற்கு ஒரு காரணமாகலாம். எனினும், தன் பெயரில் ஒரு கணக்கு உண்டு என்று அறிந்த பிள்ளை, கல்லூரி தனக்கும் உரிய இடமென்று எண்ணத் தொடங்குகிறது. மேய்ன் மாநிலத்தில் அறக்கட்டளையொன்று அங்கே பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் கல்விக்கென 500 டொலர் ஒதுக்கி வருவதும் இந்நம்பிக்கையினாலேயாம். வெகுமதிப் பணத்தின் சிறப்பு அதன் தொகையில் இல்லை. அந்தக் கணக்கைத் திறக்கச் செய்வதிலே இருக்கிறது.

ஆகவே, வரிசைமுறையே இங்கு முக்கியம். கடனட்டை நிலுவை இருப்பின் அதனை அடைத்தல் முதலாவது. மாத வருவாயிலிருந்து ஒரு தொகையை, அது 10 டொலராயினும், தவறாமற் கல்விக் கணக்கில் இடுதல் இரண்டாவது. வழக்கமாக வாங்கும் அரிசிக்கும் மாவுக்கும் எரிபொருளுக்கும் வெகுமதி கிடைக்குமாயின், அதனை அக்கணக்கிற் சேர்த்தல் மூன்றாவது. அவ்வாறு சேர்க்கும்போதும், வெகுமதியைத் திட்ட நிறுவனத்திடமே நெடுங்காலம் விட்டுவைத்தல் கூடாது. நிறுவனங்கள் கைமாறும்; விதிகளும் மாறக்கூடும். யூப்ரொமிஸ் நிறுவனமே 2006இல் மாணவர் கடன் வழங்கும் சாலி மே நிறுவனத்தின் கைக்குச் சென்று, 2020இல் மீண்டும் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்குவது இழிவானதன்று. சிக்கனமான உழவன் ஒரு கதிரையும் வீணாக்கான். ஆனால் பொறுக்கும் கதிரை நம்பி விதைக்காமல் இருப்பவனை உழவன் என்று யாரும் சொல்லார். கொள்வனவு வெகுமதி பொறுக்கிய கதிர். மாதந்தோறும் ஒதுக்கும் பணமே விதைத்து அறுக்கும் விளைச்சல். இவ்வேற்றுமையை அறிந்த பெற்றோருக்கு இத்திட்டம் ஒரு சிறு துணையாகும். அறியாதவர்க்கோ, பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கடையின் பெட்டியை நிரப்பும் வழியாகவே அது முடியும்.