வீடும் நிலமும்: கோலாலம்பூரின் குடியிருப்புகளைக் காணுதல்



கலும்பாங் வட்டாரத்திலிருந்து கோலாலம்பூர் செல்லும் நம் மாணவர்கள் பெரும்பாலும் கோபுரங்களையும் பேரங்காடிகளையும் கண்டு திரும்புகின்றனர். அந்நகரின் குடியிருப்புகளை இரு கேள்விகளோடு காணுமாறு வேண்டுகிறேன். இங்கு வாழ்ந்தோர் எத்தொழிலுக்காக வந்தனர்? அவர்கள் குடியிருந்த வீடு யாருக்கு உரியது?

பிரிக்பீல்ட்ஸில் தொடங்குவோம். 1881இல் தீயும் வெள்ளமும் நகரை அழித்தபின், மரத்தையும் அத்தாப்பையும் விடுத்துச் செங்கல்லால் கட்டுமாறு அரசு பணித்தது. அச்செங்கற்களைச் சுட்ட சூளைகளே இவ்விடத்திற்குப் பெயர் தந்தன. பின்னர் இரயில்வே வந்தது. தமிழகத்துத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் குடியேறினர். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் இலங்கைத் தமிழர் எழுப்பியது. அது நிற்கிறது. ஆனால், அரசு ஊழியர்களுக்கென இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட 'நூறு குவார்ட்டர்ஸ்' வரிசை இன்று இல்லை. அங்குப் பிறந்து வளர்ந்தோர் பலர். அவ்வீடுகளுக்கு உரிமையாளர் அவர்களுள் எவரும் இலர்.

இதனைக் கம்போங் பாருவோடு ஒப்பிடுக. 1900ஆம் ஆண்டளவில் அது மலாய் வேளாண் குடியேற்றமாக ஒதுக்கப்பட்டது. வானளாவிய கட்டடங்களின் நிழலிலும் மரவீடுகள் அங்கு நிற்பதற்கு, நிலம் குடியிருப்போரிடம் இருந்தது ஒரு முதன்மைக் காரணம்.

தோட்டத்து லயம் இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. வேலையோடு வந்த வீடு வேலையோடு போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் முயற்சியால் தோன்றிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியதன் பொருளும் இதுவே.

வீடு மறைந்த இடத்தில் எஞ்சுபவை பெரும்பாலும் மக்கள் தாமே பொருள் திரட்டி எழுப்பியவை. ஜாலான் துன் எச்.எஸ். லீயில், 1873இல் தம்புசாமி பிள்ளை தோற்றுவித்த மகாமாரியம்மன் கோயிலும், அதே தெருவில் சீனர்களின் குவான் தி கோயிலும் இதற்குச் சான்றாகும்.

ஆசிரியர்களே, நகரைக் கண்டு திரும்பும் மாணவர் அதே கேள்விகளைத் தம் ஊரிடமும் கேட்கட்டும். லயங்கள் நின்ற இடம், பெரட்டுக்களம், கோயில், பள்ளி ஆகியவற்றை முதியோரிடம் கேட்டுத் தமிழில் எழுதட்டும். நிலப்பத்திரம் இல்லாதவர்க்கு எழுத்தேனும் பத்திரமாக அமையட்டும்.