ஒலிவாங்கியும் உயர்ந்த குரலும்

மேனாட்டு இசையில் பற்றுள்ள நாலைந்து பேர் ஓர் அறையிலே கூடி, சாரா பிரைட்மன் என்னும் ஆங்கிலப் பாடகியின் ‘ஈடன்’ இசைத்தட்டை ஒலிக்கச் செய்வார்களானால், மூன்றாவது பாட்டு முடிவதற்குள் அந்த அறை இரண்டு கட்சியாகிவிடும். 1998-இல் வெளிவந்த தட்டு அது. வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. நானும் ஒரு கட்சியில் உறுதியாக நின்றவன்தான்.

பெண் குரல்களில் மிக உயர்ந்த ஸ்தாயியில் இயங்குவதைச் சோப்ரானோ என்பர். பிரைட்மனுடையது அத்தகைய குரல். 1986-இல் லண்டனில் அரங்கேறிய ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பரா’ என்ற இசை நாடகத்தில், கிறிஸ்டீன் என்னும் பாத்திரத்தின் பாட்டுக்களை ஆண்ட்ரூ லாயிட் வெப்பர் இவர் குரலை எண்ணியே அமைத்தார். ஆகவே இவர் ஆப்பரா அரங்கிலிருந்து மெல்லிசைக்கு இறங்கி வந்தவர் அல்லர். ஒலிவாங்கியோடு கூடிய நாடக மேடையிலிருந்து வந்தவர். இதனை மறந்துவிட்டு வாதிடுவோரே மிகுதி.

‘ஈடன்’ தட்டிலே ஹேண்டல் இருக்கிறார், புச்சீனி இருக்கிறார். கான்சஸ் என்ற அமெரிக்க ராக் குழுவினரின் 1977-ஆம் ஆண்டுப் பாட்டும் அவர்கள் நடுவே இருக்கிறது. அல்பினோனியின் பெயரால் வழங்கும் ஓர் இசையும் உண்டு. அது உண்மையில் ஜியாசோட்டோ என்ற இத்தாலிய அறிஞர் 1958-இல் வெளியிட்டது. பழமையைக் காக்கப் புறப்பட்டவர் சிலர் இதற்காகவும் கண்ணீர் உகுத்தது வேடிக்கை! இவ்விதக் கலவைக்கு மேனாட்டார் இட்ட பெயர் ‘கிராஸ்ஓவர்’, அதாவது எல்லை கடந்தது.

எல்லை கடந்ததே குற்றம் என்பது ஒரு சாராரின் கூற்று. இதை நான் ஏற்கவில்லை. ‘லாஷா கியோ பியாங்கா’ என்ற ஹேண்டலின் பாட்டு இத்தட்டில் வருகிறது. அந்த மெட்டை ஹேண்டல் 1705-இல் ஹாம்பர்க்கில் நடன இசையாகக் கையாண்டார். 1707-இல் ரோமில் வேறு சொற்களைப் பூட்டினார். 1711-இல் லண்டனில் ‘ரினால்டோ’ நாடகத்திற்குள் சிறைப்பட்ட பெண்ணின் புலம்பலாக வைத்தார். ஆக்கியவரே மும்முறை இடம் மாற்றிய மெட்டை நான்காம் முறை ஒருவர் மாற்றினால் வானம் இடிந்து விழுமா?

ஆனால் என் நண்பர் ஒருவரின் குறை வேறு. அவர் தேவாலயப் பாடகர் குழுவொன்றைப் பல ஆண்டு பயிற்றியவர். “மெட்டைப் பற்றி எனக்குக் கவலையில்லை ஐயா, மூச்சைப் பற்றித்தான் கவலை. இந்தத் தட்டைக் கேட்டுப் பாட வரும் பிள்ளைகள் தொண்டைக்குள்ளேயே பாடுகிறார்கள். கடைசி வரிசைக்குக் குரல் போவதில்லை,” என்றார்.

இதிலே சாரம் இருக்கிறது. ஆப்பராப் பாடகி பல வாத்தியங்களின் முழக்கத்தை வெறுங்குரலால் கடந்தாக வேண்டும். உச்ச சுரங்களில் அவர் வாயை அகலத் திறந்து, வாயறையின் ஒலிப்பைச் சுரத்தோடு இசையவைக்கிறார். அதனால் ஓசை பெருகுகிறது. ஆனால் உயிரெழுத்துக்கள் ஒன்றோடொன்று மயங்கி, சொல் தேய்ந்துவிடுகிறது. ஒலிவாங்கி முன் நிற்பவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர் காதருகே பேசுவதுபோல் பாடலாம். நானும் இப்போது ஒரு ஒலிவாங்கியின் தயவில்தானே உங்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்!

இந்த மென்மை பொருந்தும் இடமும் உண்டு. ‘நெல்லா ஃபன்டாசியா’ என்ற பாட்டைக் கேளுங்கள். 1986-இல் வந்த ‘தி மிஷன்’ படத்திற்கு மோரிக்கோனே அமைத்த இசை அது. தென்னமெரிக்கக் காட்டிலே ஒரு பாதிரியார் தனியே அமர்ந்து ஓபோ ஊதுகிறார். அம்மெட்டுக்குப் பின்னர் இத்தாலியச் சொற்கள் சேர்ந்தன. தனிமையில் பிறந்த மெட்டு. தாழ்ந்த குரலிலே அது வாழ்கிறது. என் சகோதரியின் மகள் இத்தட்டினால்தான் ஹேண்டலை அறிந்தாள். பிறகு ‘ரினால்டோ’ முழுவதையும் தேடிப்பிடித்துக் கேட்டாள். அவளிடம் அது போலி இசை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. என் கட்சி தளர்ந்தது அன்றுதான்.

எனினும் ‘நெஸ்ஸுன் டோர்மா’வில் நான் நண்பர் பக்கமே நிற்கிறேன். 1924-இல் மறைந்த புச்சீனி முடிக்காமல் விட்டு, 1926-இல் மிலான் நகரில் அரங்கேறிய ‘டுராண்டாட்’ நாடகப் பாட்டு அது. விடிவதற்குள் தன் பெயர் வெளிப்பட்டால் தலை போகும் என்ற நிலையில் ஓர் இளவரசன் நள்ளிரவில் பாடுகிறான். பெயர் கிடைக்காவிடில் நாங்கள் மடிவோமே என்று ஊர்ப் பெண்கள் மறைவிலிருந்து ஓலமிடுகிறார்கள். இறுதியில் ‘வெல்வேன்’ என்று அவன் எழுப்பும் உச்ச சுரத்தில் உயிரைப் பணயம் வைத்தவனின் பிரயாசை கேட்க வேண்டும். ஆண் பாட்டைப் பெண் பாடுவது எனக்குக் குறையன்று. அந்தப் பிரயாசையை ஒலிவாங்கி தானே சுமந்துகொள்வதுதான் குறை. 1990-இல் ரோமாபுரியின் காரகல்லா குளியற்கூட இடிபாடுகளிடையே பாவரொட்டி முதலிய மூவர் பாடியபோதும் ஒலிபெருக்கி இருந்ததே என்பீர்கள். இருந்தது, ஆயினும் அது அரங்கை நிறைத்துப் பழகிய குரல்களை ஏந்திச் சென்றது.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் மகிழ்ந்துபோய்த் தட்டை இரவல் கேட்டார். ‘நெல்லா ஃபன்டாசியா’வைக் குழுவினருக்கு ஒலிவாங்கி இல்லாமல் கற்பிக்கப் போகிறாராம்.