கரடி பயத்துக்கு ஏற்ற துப்பாக்கி எது?

(காட்டோரக் கிராமங்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கரடியிடமிருந்து தற்காத்துக்கொள்ளத் துப்பாக்கி வாங்க வேண்டுமென்று அங்கத்தினர் ஒருவர் கடன் கேட்டால் சங்கம் என்ன செய்வது, எந்த மாதிரித் துப்பாக்கியை நம்பலாம் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். பயம் வீண் பயமன்று. கோத்தகிரிப் பக்கத்தில் தேயிலைத் தோட்டங்களுக்குள் கரடி நடமாடுவதும், எண்ணெய், சர்க்கரை வாசனையைப் பிடித்து வந்து கதவை உடைப்பதும் யாவரும் அறிந்த செய்தி. மத்தியப் பிரதேசத்தில் 1989 ஏப்ரல் முதல் 1994 மார்ச் வரையுள்ள ஐந்து வருஷ காலத்தில் 735 பேர் கரடிகளால் தாக்குண்டனர். அவர்களில் 48 பேர் இறந்தனர். பிழைத்தவர்களிலும் கண்ணோ மூக்கோ இழந்தவர் உண்டு.

துப்பாக்கியைப் பற்றிப் பேசுமுன் கரடியைப் பற்றிச் சிறிது அறிதல் அவசியம். நம் நாட்டுக் கரடி மனிதனைத் தின்னத் தேடி வரும் ஜந்து அன்று. கறையானும் எறும்பும் தேனும், நாவல், இலந்தை, கொன்றைப் பழங்களுமே அதன் ஆகாரம். புற்றைத் தோண்டி, மூக்கை நுழைத்துக் கறையானை உறிஞ்சுகையில் அது எழுப்பும் ஓசை பெரிது. அந்த ஓசையில் மனிதன் நடந்து வருவது அதன் செவியில் விழுவதில்லை. பார்வையும் மட்டானது. பகலில் பாறைப் பொந்திலோ உண்ணிச்செடிப் புதரிலோ படுத்துக் கிடக்கும். தாய்க்கரடி குட்டிகளை முதுகில் சுமந்து திரியும். புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்து பழகிய பிராணியாதலால், திடுக்கிட்டால் ஓடி மறைவதைவிட எதிர்த்துப் பாய்வதே அதன் சுபாவம். ஆகவே, பெரும்பாலும் காலடிக்கு எட்டுகிற தூரத்தில்தான் மனிதனும் கரடியும் ஒன்றையொன்று காண்கின்றன. அடுத்த கணம் அது பின்னங்கால்களில் நிமிர்ந்து முகத்திலும் தலையிலும் அறைகிறது. பத்துக் கஜ தூரத்தைக் கடக்க அதற்கு ஒன்றிரண்டு வினாடி போதும்.

இந்த ஒன்றிரண்டு வினாடியே துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் உரைகல். வெகு தூரம் சுடுவதும், பல தோட்டாக்கள் கொள்வதும், பளபளப்பாயிருப்பதும் இங்கே பயன்படா.

கரடிக்கென்றே துப்பாக்கி சுமக்கும் வழக்கம் மிகுந்த பிரதேசம் அமெரிக்காவைச் சேர்ந்த அலாஸ்கா. அங்குள்ள பழுப்புக் கரடி நம் கரடியினும் பன்மடங்கு பெரியது. காட்டில் வேலை செய்யும் தங்கள் சிப்பந்திகளுக்காக அமெரிக்க வன இலாகாவினர் பலவகைத் துப்பாக்கிகளைப் பரீட்சித்து 1983-ல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். அவர்கள் பரீட்சித்த தூரம் 15 கஜம் மட்டுமே என்பதைக் கவனியுங்கள். பின்னர் 1883 முதல் 2009 வரை அலாஸ்காவில் கரடிக்கு எதிராகத் துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 சம்பவங்களை ஸ்மித், ஹெரேரோ முதலிய ஆராய்ச்சியாளர்கள் திரட்டி, 2012-ல் முடிவுகளை வெளியிட்டனர். நீண்ட துப்பாக்கியைப் பிரயோகித்தவர்களில் நூற்றுக்கு 76 பேரும், கைத்துப்பாக்கியைப் பிரயோகித்தவர்களில் நூற்றுக்கு 84 பேரும் கரடியை நிறுத்தினர். ஆனால், துப்பாக்கி வைத்திருந்து சுட்டவர்களும், வைத்திருந்தும் சுடாதவர்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் காயமடைந்திருந்தனர். தவறியவர்களுக்குத் தவறிய காரணங்களையும் அவர்கள் குறித்திருக்கிறார்கள்: எடுக்க நேரமில்லாமை, பூட்டுவிசையைத் தள்ள மறந்தமை, தோட்டா சிக்கிக்கொண்டமை, குறி தவறியமை. இவை தேசத்துக்குத் தேசம் மாறும் காரணங்கள் அல்ல. பதறுகிற கை எங்கும் ஒன்றே.

இனி வகைகளைப் பார்ப்போம். 12 போர் என்பது, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சமமான உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை கொள்ளும் அகலமுள்ள குழல். இந்த அளவுக்குத்தான் தோட்டா எளிதில் கிடைக்கும். ஆதலால் வேறு அளவை நாடுவது அநாவசியம். அலாஸ்காவில் முன்கட்டையைப் பின்னும் முன்னும் இழுத்துத் தோட்டா மாற்றுகிற ‘பம்ப்’ துப்பாக்கியை விரும்புவோர் பலர். 1950-ல் வெளிவந்த ரெமிங்டன் 870 அவ்வகையில் பேர்போனது. தோட்டாவின் பலம் எப்படியிருந்தாலும் கைதான் இயந்திரத்தை இயக்குகிறது என்பது அதன் நன்மை. தானே தோட்டா மாற்றிக்கொள்ளும் துப்பாக்கியோ, மருந்தின் பலத்தையும் இயந்திரத்தின் சுத்தத்தையும் நம்பியிருக்கிறது. பழைய தோட்டாவும் அழுக்கும் சேர்ந்தால் நின்றுவிடும். ஆனால் பம்ப்பிலும் ஒரு குறை உண்டு. பதற்றத்தில் முன்கட்டையை முழுவதும் இழுக்காமல் பாதியில் தள்ளினால் தோட்டா சிக்கிக்கொள்ளும். பழக்கம் இருந்தாலன்றி அது நம்பத் தக்கதன்று.

நம் கிராமத்துக்கு, வருஷத்தில் ஒருமுறைகூடச் சுடாத கைகளுக்கு, இரட்டைக் குழல் துப்பாக்கியே மேலென்பது என் அபிப்பிராயம். அதில் இரண்டு குழல்களுக்கும் தனித்தனியே அடிக்கும் பொறி உண்டு. ஒன்று தவறினாலும் மற்றொன்று வெடிக்கும். சிக்கிக்கொள்ள உள்ளே ஓடும் பாகம் எதுவுமில்லை. திறந்து பார்த்த மாத்திரத்தில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். இரண்டு தோட்டாக்கள்தானே என்பீர்கள். மூன்றாவதற்குக் கரடி அவகாசம் கொடுப்பது அபூர்வம். முன்வாயில் மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. மழைக்காலத்தில் அதன் மருந்து நமத்துப்போகும். ஒருமுறை தவறினால் அது கைத்தடியே.

பாட்டனார் காலத்துத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறதென்று மகிழ்பவர்கள் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்துச் செய்த, உடலில் அலையலையாகக் கோடு தெரியும் டமாஸ்கஸ் குழல்கள் கருமருந்துக் காலத்தவை. இன்றைய புகையில்லா மருந்துத் தோட்டாவை அவற்றில் இட்டால் குழல் பிளந்து, பிடித்த கையையே கொண்டுபோகக்கூடும். மேலும், பழைய துப்பாக்கிகளில் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்குச் செய்தவை. இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா அவற்றில் நுழைந்துவிடும்; நுழைவதால் சரியென்று எண்ணலாகாது. வெடிக்கும்போது அதன் வாய் விரிய இடமின்றி, உள்ளே அழுத்தம் அளவுக்கு மீறும். குழலின் அடியில் பொறித்துள்ள அளவைத் தேர்ந்த துப்பாக்கி வேலைக்காரரிடம் காட்டிக் கேளுங்கள்.

தோட்டா விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். கௌதாரிக்கும் முயலுக்கும் உரிய சிறு ரவை, கரடியின் நீண்ட மயிரிலும் தோலிலும் நின்று அதன் கோபத்தை வளர்க்கும். பெரிய ரவையும் உள்ளே ஆழ்ந்து செல்வதில் ஒற்றைக் குண்டுக்கு ஈடாகாது. ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் எடையுள்ள ஒற்றை ஈயக்குண்டுத் தோட்டாவையே அலாஸ்காவில் நம்புகிறார்கள். வாய் குறுகாத குழலே அதற்கு உகந்தது. காகிதத் தோட்டா ஈரத்தில் ஊதிக்கொள்ளும். அடுப்பங்கரைப் பரணில் வைத்த தோட்டாவையும் நம்ப வேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதில்தான் அங்கத்தினர்கள் அகப்பட்டுக்கொள்கிறார்கள். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம்; ஒருவர் பெயரிலுள்ள துப்பாக்கியை அடுத்த வீட்டார் இரவல் கொண்டுபோக முடியாது. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கரடி முதல் அட்டவணையைச் சேர்ந்தது. உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் கொல்ல நேர்ந்தால் குற்றமில்லையென்று அதன் 11-வது பிரிவு கூறுகிறது. ஆனால் அச்சமயம் அச்சட்டத்துக்கு மாறான வேறொரு காரியம் செய்துகொண்டிருந்தவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி ஆயுதம் கொண்டுபோவதே குற்றமாதலால், தேனெடுக்கத் துப்பாக்கியோடு நுழைந்தவன் கரடியைச் சுட்டால் தற்காப்பு என்று சொல்லித் தப்ப முடியாது. இறந்த கரடி சர்க்கார் சொத்து. அதன் பித்தத்தையோ நகத்தையோ எடுப்பவன் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்கிறான். ஆகவே, எங்கே கரடி அதிகமோ அங்கே துப்பாக்கி கூடாது. எங்கே துப்பாக்கி கூடுமோ அந்த வயலிலும் கொல்லையிலும் வேறு உபாயங்கள் இருக்கின்றன.

அந்த உபாயங்கள் மலிவானவை. விடியுமுன்னும் இருட்டிய பின்னும் வெளிக்குப் போகிறவர்களே கரடியிடம் அகப்படும் நிலையில் இருப்பவர்கள். வீட்டோடு கக்கூஸ் கட்டக் கடன் கொடுப்பது, துப்பாக்கிக்குக் கொடுப்பதிலும் அதிக உயிர்களைக் காக்கும் என்று நான் தயங்காமல் சொல்வேன். வீட்டைச் சூழ்ந்த உண்ணிப் புதரை வெட்டுங்கள். எச்சிற்குப்பையைத் திறந்து போடாதீர்கள். காட்டுப் பாதையில் தனியே போகாமல், இருவர் மூவராகப் பேசிக்கொண்டு செல்லுங்கள். குரல் கேட்ட கரடி பெரும்பாலும் விலகிவிடும். அலாஸ்காவில் மிளகாயின் காரச்சத்தைப் புட்டியிலடைத்துக் கரடியின் முகத்தில் பீச்சுகிறார்கள். 1985 முதல் 2006 வரை நடந்த 83 சம்பவங்களை ஆராய்ந்ததில், அதை வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு 98 பேர் காயமின்றித் தப்பியிருக்கின்றனர். மிளகாய் விளைகிற நம் நாட்டில் இதைப் பரவச் செய்ய யாராவது முன்வரலாகாதா என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

ஒருவேளை கரடி மேலே விழுந்துவிட்டால் ஓட வேண்டாம். மரமேறவும் வேண்டாம், அது நம்மிலும் நன்றாக ஏறும். குப்புற விழுந்து, முழங்காலை மார்போடு மடக்கி, இரு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டு, முகத்தை மண்ணில் மறைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும், வாசல்வரை கரடி வருகிற தனி வீட்டில் இருக்கும் அங்கத்தினர் கடன் கேட்டால் மறுக்க வேண்டியதில்லை. முதலில் லைசென்ஸைப் பாருங்கள். துப்பாக்கியைத் தேர்ந்த வேலைக்காரர் சோதித்து எழுதிக் கொடுத்த சீட்டைக் கேளுங்கள். பூட்டுள்ள பெட்டிக்கும், அனுமதி பெற்ற சுடுதளத்தில் பழகுவதற்கு இரண்டு பெட்டித் தோட்டாவுக்கும் ஆகும் தொகையை அந்தக் கடனிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிகள் காலியான பிறகே அவர் துப்பாக்கியைத் தலைமாட்டில் வைக்கத் தகுந்தவர்.